140 டொமைன், 14 மாதம், ஒரே ஒரு விற்பனை: ரினியூ செய்வதா, விட்டுவிடுவதா?

பொள்ளாச்சிக்காரன் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். வாய்ஸ் டாட் காம் என்ற டொமைன், அதாவது இணையதளப் பெயர், 2019-இல் 3 கோடி டாலருக்கு விற்றது என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து தூக்கம் போனது. அந்த மாதிரி அகராதிச் சொல் நமக்குக் கிடைக்காது, சரி. ஆனால் புதிதாகக் கம்பெனி தொடங்குகிறவர்கள் வாங்குகிற மாதிரி, அர்த்தம் இல்லாவிட்டாலும் காதுக்கு நன்றாக இருக்கும் கற்பனைப் பெயர்களைப் பிடித்து விற்கலாமே என்று இறங்கினேன். 14 மாதத்தில் 140 டாட் காம் பெயர்கள் சேர்ந்துவிட்டன.

பிராண்டு பெயர்களுக்கென்றே இருக்கும் ஒரு ஆன்லைன் கடையில் எல்லாவற்றையும் சமர்ப்பித்தேன். 52 பெயரை எடுத்துக்கொண்டார்கள், 88-ஐத் திருப்பிவிட்டார்கள். எடுத்ததற்கு லோகோவும் விலையும் அவர்களே போட்டார்கள். ஐந்தாவது மாதம் ஒரு பெயர் 1,950 டாலருக்குப் போனது. 30 சதவீதம் கமிஷன் போக 1,365 டாலர் கைக்கு வந்தது. அன்றைக்கு வீட்டில் பாயசம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. டாஷ்போர்டில் ஒரு பெயருக்கு மாதம் நான்கு பார்வை வந்தாலே அதிகம். அந்த நான்கில் இரண்டு நானேதான்.

முதலில் வாங்கிய 20 பெயரை யோசிக்காமல் ரினியூ செய்தேன், அதாவது இன்னொரு வருடத்துக்குப் பணம் கட்டினேன். அடுத்த மாதம் 60 பெயர் ரினியூவலுக்கு வருகிறது. மனைவி நேற்று கேட்டாள்: “எல்லாத்துக்கும் வாடகை கட்டுறோம், குடிவர ஒரு ஆளையும் காணோமே?” பதில் இல்லை.

என் கேள்வி: விலையைக் குறைத்தால் ஓடுமா? எல்லாவற்றையும் இன்னொரு வருடம் வைத்துப் பார்ப்பதா? இல்லை, கடைக்காரர்கள் என் பெயர்களைக் காட்டாமல் ஒதுக்குகிறார்களா?

மெளனசாமி எழுதியது:

கடையே வேண்டாம் என்று சொன்ன 88-க்கு எதற்கு ரினியூவல்? அதில் பாதி நியூமராலஜி பார்த்து ஒரு எழுத்துக் கூட்டிப் போட்டதாக இருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

பொள்ளாச்சிக்காரன் எழுதியது:

பாதி இல்லை. 17.

பழைய பலகை எழுதியது:

தம்பி, 17 என்று ஒப்புக்கொண்டீர்களே, அந்த நேர்மைக்காகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் ஈரோட்டில் போர்டு எழுதும் கடை வைத்திருந்தவன். தகரத்தில் பிரஷ் பிடித்து எழுதிய காலம். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை முடித்த பிறகு டொமைனுக்கு வந்தேன். போர்டுக் கடையில் கற்றது ஒன்று உண்டு. பெயரைச் சொல்லும்போது கடைக்காரர் எத்தனை முறை எழுத்துக் கூட்டிச் சொல்கிறாரோ, அத்தனை வாடிக்கையாளரை அவர் இழக்கப் போகிறார்.

முதலில் கணக்கு. 140-உம் 20-உம் சேர்த்து 160 முறை பணம் கட்டியிருக்கிறீர்கள். முறைக்கு 11 டாலர் என்று வைத்தால் 1,760 டாலர். வந்தது 1,365. பாயசச் செலவு நீங்கலாக 395 டாலர் நஷ்டம். இந்த 11 டாலர் குறையும் என்று காத்திருக்க வேண்டாம். டாட் காம் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன் கம்பெனி வாங்கும் மொத்த விலையே 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆகிவிட்டது. அதற்குக் கீழே விற்கிறவர் முதல் வருடத்துக்குத் தூண்டில் போடுகிறார், அவ்வளவுதான்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வழக்கமாகச் சொல்வது, கையில் இருப்பதில் வருடத்துக்கு 1 முதல் 2 சதவீதம் விற்கும் என்பது. உங்கள் 140-க்கு 1 சதவீதம் வைத்தால் வருடத்துக்கு 1.4 விற்பனை. உங்கள் விலையில் 1,911 டாலர். ரினியூவலுக்கு 1,540 போனால் மிச்சம் 371. இதையே நல்ல 45 பெயராகச் சுருக்கி, தரம் கூடியதால் ஒன்றரை சதவீதம் போகிறது என்று வையுங்கள். வரவு 921, செலவு 495, மிச்சம் 426. மூன்றில் ஒரு பங்கு முதலில் கூடுதல் லாபம். ஆனால் இது மூன்று வருடத்தில் இரண்டு பெயர் விற்கும் என்ற கணக்கு. மாதச் சம்பளம் போல நினைத்தால் தூக்கம் திரும்பி வராது.

சரி, எந்த 45? இங்கேதான் நாம் எல்லோரும் சறுக்குகிறோம்.

பள்ளியில் படித்த அசை ஞாபகம் இருக்கிறதா? நேர், நிரை. நான் பெயரை அப்படித்தான் பிரித்துப் பார்க்கிறேன். கூகுள், சோனி, டெஸ்லா, கோடக், நான்கும் தேமா. அமேசான் புளிமா. நோக்கியா கூவிளம். இரண்டு அசையில் முடிந்துவிடுகிறது. கோடக்குக்கு எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது. ஈஸ்ட்மனுக்கு ‘கே’ என்ற எழுத்து பிடிக்கும், அதை முன்னாலும் பின்னாலும் வைத்து 1888-இல் பதிவு செய்துகொண்டார். இன்று அதைத்தான் பிராண்டபிள் என்கிறார்கள். மூன்று அசை தாண்டிய கற்பனைப் பெயரில் என்னிடமிருந்து ஒன்றுகூட விற்றதில்லை.

அசை சரியாக இருந்தாலும் இன்னொரு குழி உண்டு. நாம் ‘ப’ என்று ஒரே எழுத்து வைத்திருக்கிறோம், அதற்குள் இரண்டு ஒலி. பேச்சில் நமக்குக் குழப்பமே வராது. வாங்குகிறவர் பெரும்பாலும் அமெரிக்கர். அவருக்கு P வேறு, B வேறு. நியூஜெர்சியில் இருக்கும் அக்கா மகளிடம் ஃபோனில் ஒரு பெயரைச் சொல்லி அடிக்கச் சொன்னேன். மூன்று முறை சொன்னேன். மூன்று விதமாக அடித்தாள். அந்தப் பெயருக்கு நான் நான்கு வருடம் ரினியூவல் கட்டியிருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். ஃபோனில் குரலை எழுத்தாக்கும் வசதியை அமெரிக்க ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். கணினியில் ஒரு ஆங்கிலக் குரலைக் கொண்டு பெயரைப் படிக்கச் சொல்லி, ஃபோனைப் பக்கத்தில் வையுங்கள். நம் வாயால் சொன்னால் நம் உச்சரிப்பும் கலந்துவிடும், அதனால்தான் இப்படி. மூன்று தடவையில் இரண்டு தடவை உங்கள் ஸ்பெல்லிங் அப்படியே விழுந்தால் வைத்துக்கொள்ளுங்கள். கற்பனைப் பெயருக்கு இது கடுமையான சோதனைதான். முழுதாக விழாவிட்டாலும் ஒரே மாதிரி தப்பு விழுந்தால் மன்னிக்கலாம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக விழுந்தால் கையெடுத்துக் கும்பிட்டு விட்டுவிடுங்கள். அந்த 17-ஐச் சோதிக்கக்கூட வேண்டாம்.

இன்னொன்று பாருங்கள். ஸ்குவாட்ஹெல்ப் என்று பெயர் விற்கும் கடை ஒன்று இருந்தது. 2024-இல் அது தன் பெயரையே மாற்றிக்கொண்டு ஆட்டம் டாட் காம் ஆகிவிட்டது. அணு என்று பொருள், நம் காதில் ஆட்டம் என்றே விழும், அது கிடக்கட்டும். பெயர் விற்கிறவனே இரண்டு சொல்லை ஒட்டிய பெயரை விட்டுவிட்டுச் சின்ன ஒற்றைச் சொல்லுக்குப் போயிருக்கிறான்.

கடைக்காரர் ஒதுக்குகிறாரா என்று கேட்டீர்கள். அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்த 88 பெயரையும் ஒவ்வொன்றாக பிரவுசரில் அடித்துப் பாருங்கள். வாங்க நினைக்கிறவர் பல நேரம் கடைக்கே வருவதில்லை. பெயர் தோன்றியதும் நேராக அட்ரஸ் பாரில் அடிக்கிறார். அங்கே ‘விற்பனைக்கு, இந்த விலை’ என்று பக்கம் வந்தால் வாங்குவார். ரிஜிஸ்ட்ராரின் (பெயரைப் பதிந்து தரும் கம்பெனியின்) விளம்பரப் பக்கம் வந்தால் போய்விடுவார். பெயரை அடித்தால் எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டும் நேம்சர்வர் எங்கே காட்டுகிறது என்று பாருங்கள், ஷட்டரை இறக்கிவிட்டு வியாபாரம் இல்லை என்று சொல்லாதீர்கள்.

விலையைக் குறைக்காதீர்கள். 1,950 தராதவர் 1,450-உம் தரமாட்டார். அவர் வேறு பெயருக்குப் போயிருப்பார்.

கீழ்க்கோர்ட்டு எழுதியது:

பலகை ஐயா சொன்னதில் ஒன்று விட்டுப்போனது. எது விற்கும் என்று பார்க்கும் முன், எது வம்பு என்று பாருங்கள். 140-இல் தெரிந்த ஒரு பிராண்டின் துண்டு ஒட்டிய பெயர் இருக்கிறதா? இருந்தால் அதை இன்றே லிஸ்டிங்கிலிருந்து எடுங்கள்.

டொமைன்களை மேற்பார்க்கும் உலக அமைப்பான ஐகான், பெயர்த் தகராறுகளைத் தீர்க்க 1999-இல் யூடிஆர்பி என்ற விதியைக் கொண்டுவந்தது. பிராண்டு உரிமையாளர் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பான வைப்போவில் 1,500 டாலர் கட்டிப் புகார் கொடுக்கலாம். ஐந்து பெயர் வரை, ஒரு நடுவர் என்றால் அந்தக் கட்டணம். மூன்றைக் காட்ட வேண்டும்: பெயர் தன் பிராண்டோடு குழம்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, உங்களுக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்து பயன்படுத்துகிறீர்கள். அந்தப் பிராண்டுக்கே அதிக விலைக்கு விற்கத்தான் வாங்கினீர்கள் என்று தெரிந்தால் மூன்றாவது தானாக நிரூபணம் ஆகும். அங்கே அபராதம் கிடையாது, பெயர் போகும், அவ்வளவுதான். ஆனால் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனால் ஒரு பெயருக்கு 1,000 முதல் 1,00,000 டாலர் வரை இழப்பீடு விதிக்க அவர்கள் சட்டத்தில் இடம் உண்டு. டாட் இன் பெயர்களுக்கு நம் ஊரிலேயே இதே மாதிரி ஐஎன்டிஆர்பி என்ற விதி இருக்கிறது.

தானாகவே உருவாக்கிய கற்பனைச் சொல்லில் இந்த ஆபத்து குறைவு. ஆனாலும் அமெரிக்க ட்ரேட்மார்க் தேடலில் ஒரு தடவை போட்டுப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகும்.

பொள்ளாச்சிக்காரன் எழுதியது:

ஞாயிறு முழுக்க இதே வேலை. முடிவுகளைச் சொல்கிறேன்.

88-இல் 31 பெயர் ரிஜிஸ்ட்ரார் விளம்பரப் பக்கத்தில்தான் கிடந்தன. அதில் ஒன்று ‘உங்கள் தளத்தை இங்கே உருவாக்குங்கள்’ என்று 14 மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டேன்.

பிராண்டுத் துண்டு ஒட்டியவை 6. ஒரு மொபைல் கம்பெனியின் பெயரைப் பாதி வைத்து நான் ‘புத்திசாலித்தனமாக’ வாங்கியவை. எடுத்துவிட்டேன்.

விற்ற ஒன்றும், அந்த 17-உம், இந்த 6-உம் போக மீதி 116 பெயரைக் குரல் சோதனையில் போட்டேன். கணினி படிக்க, ஃபோன் எழுத. மகள் பக்கத்தில் உட்கார்ந்து டிக் போட்டாள். 39 தேறின. ஒரு பெயர் மூன்று தடவையும் ஒரு பூச்சிமருந்தின் பெயராக விழுந்தது. அதற்குக் கடை 2,800 டாலர் விலை போட்டிருந்தது!

இரண்டு சந்தேகம். விடப்போகும் பெயர்களை மனசு கேட்காமல் பிறகு திரும்பப் பிடிக்க முடியுமா? இன்னொன்று, ஆள் வந்தால் பெயரை உடனே கைமாற்ற வேண்டும் என்கிறார்கள். போன தடவை ஒரு சிக்கலும் வரவில்லை. ஆனால் 39-இல் சிலவற்றை மலிவான ரிஜிஸ்ட்ராருக்கு மாற்றலாம் என்று நினைக்கிறேன்.

பழைய பலகை எழுதியது:

39 என்பது நல்ல எண். 45 என்று நான் சொன்னதில் ஆறு தாராளம்.

மாற்றுவது பற்றி முதலில். ஒரு ரிஜிஸ்ட்ராரிலிருந்து இன்னொன்றுக்குப் போன பெயரை 60 நாள் வரை மறுபடி நகர்த்த விடமாட்டார்கள். புதிதாகப் பதிந்த பெயருக்கும் அப்படித்தான். உரிமையாளர் விவரத்தில் பெயரோ மின்னஞ்சலோ மாற்றினாலும் சில இடங்களில் அந்தப் பூட்டு விழும். நான் 40 ரூபாய் மிச்சம் பிடிக்க ஒரு பெயரை மாற்றினேன். 19-ஆம் நாள் ஆள் வந்து முழுப்பணமும் கட்டிவிட்டார். பெயரை நகர்த்தத் தேவையான ரகசியக் குறியீடான ஆத் கோடு கொடுத்தும் போகவில்லை. இரண்டு ராத்திரி வயிற்றைக் கலக்கியது. கடைசியில் அவரையே அந்த ரிஜிஸ்ட்ராரில் ஒரு கணக்குத் திறக்கச் சொல்லி, உள்ளுக்குள்ளேயே கணக்கு விட்டுக் கணக்கு தள்ளினேன். அதற்குப் பூட்டு தடையில்லை. நல்ல மனுஷர், பொறுத்துக்கொண்டார். எல்லோரும் பொறுக்கமாட்டார்கள். அதனால் மாற்றுவதென்றால் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். பத்துப் பத்தாகச் செய்யுங்கள்.

பணம் வாங்கும் வழியையும் இப்போதே சரிசெய்து வையுங்கள். கடை உங்களிடம் டபிள்யூ-8பென் (அமெரிக்கர் அல்லாதவர் அந்நாட்டு வரிக்காகக் கொடுப்பது) படிவம் கேட்டிருக்கும், அதில் பான் எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பணம் எதற்காக வந்தது என்று காட்டும் பர்பஸ் கோடை வங்கியில் கேட்டால் திருதிருவென முழிக்காமல் ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விட்ட பெயரைத் திரும்பப் பிடிப்பது: டாட் காமில் காலாவதி ஆன பிறகு ரிஜிஸ்ட்ராரைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் வரை சாதாரண விலையில் மீட்கலாம். ஆனால் அதற்குள்ளேயே சிலர் ஏலத்தில் போட்டுவிடுவார்கள். பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதில் தண்டக்கட்டணம் சேரும். அதன் பிறகு ஐந்து நாள் யாரும் தொட முடியாது, ஆறாவது நாள் எவரும் எடுக்கலாம். என் அனுபவத்தில் நான் விட்டதில் இரண்டைத்தான் யாரோ எடுத்தார்கள். அதில் ஒன்றில் இப்போது சீனத்தில் ஏதோ சூதாட்டம் ஓடுகிறது.

விடும் முன் கடை லிஸ்டிங்கிலிருந்து எடுத்துவிடுங்கள். இல்லாத பெயரை விற்றுவிட்டு முழிப்பதைவிட மோசமானது ஒன்றும் இல்லை.

அந்தப் பூச்சிமருந்துப் பெயர் எது? தனிச்செய்தியில் சொல்லுங்கள், சிரிக்கத்தான்.

பொள்ளாச்சிக்காரன் எழுதியது:

அனுப்பிவிட்டேன் ஐயா. மகள் உருவாக்கிய ஒரு பெயர் சோதனையில் தேறவில்லை, ஆனால் அதை மட்டும் விடமாட்டேன் என்கிறாள். பத்து வயது.

பழைய பலகை எழுதியது:

அதற்கு 11 டாலர் கட்டுங்கள். பள்ளிச் செலவில் எழுதிவிடுங்கள், டொமைன் கணக்கில் வேண்டாம்.