வீட்டு போட்டோ பிரிண்டர்: ஒரு படத்துக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பேட்டைக்காரன்:
பாட்டிலிலிருந்து மை ஊற்றி நிரப்பும் டேங்க் பிரிண்டர் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சுடலைமாடன் கொடை முடிந்த மறுநாள். மும்பையிலிருந்து வந்த சித்தப்பா சாயங்காலம் ரயில் ஏற வேண்டும். சாமியாடி படங்கள் கையோடு வேண்டும் என்றார். நாலுக்கு ஆறு இன்ச் தாளில் அடித்தேன். தீப்பந்தத்துக்குப் பக்கத்தில் மஞ்சணை பூசிய முகம், பாசி படிந்தது போலப் பச்சையாக வந்து விழுந்தது. மெஜந்தா, அதாவது கருஞ்சிவப்பு மை தெறிக்கும் நாசில் துளையில் அடைப்பு. "ஏலே, சாமி என்னடே பச்சையா நிக்காரு?" என்றார் சித்தப்பா. வீடு முழுக்கச் சிரிப்பு.

மை தெறிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங் போட்டேன். கர்ர் என்று இழுத்தது. துளைகளைச் சோதிக்க அடிக்கும் நாசில் செக் பக்கத்தில் மெஜந்தா கோடு விட்டு விட்டு வந்தது. மறுபடி கிளீனிங். அடைத்தது ஒரு நிறம், இறங்கியது எல்லா நிறமும். டேங்கில் மட்டம் குறைவது கண்ணுக்கே தெரிந்தது. கடைசியில் படம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் அன்று தாளில் விழுந்த மையைவிட உள்ளே உறிஞ்சிப் போன மைதான் அதிகம். ஒரு படம் ஐந்து ரூபாய்க்குள் முடியும் என்றார்களே, இந்த மை அந்தக் கணக்கில் எங்கே இருக்கிறது?

ஆனித்தேர்:
எங்கேயும் இல்லை. பெட்டியில் போட்டிருக்கும் ஆயிரக்கணக்கான பக்கம் என்பது ஐஎஸ்ஓ 24711 என்ற சர்வதேசத் தர முறை வகைச் சோதனையை வைத்து வருவது. எழுத்தும் கொஞ்சம் படமுமாக இருக்கிற அலுவலகத் தாளை வரிசையாக அடித்துப் பார்ப்பார்கள். போட்டோவுக்கு 29102 என்று தனி முறையே உண்டு. அந்த எண்ணை எத்தனை பெட்டியில் பார்த்திருக்கிறீர்கள்? ஓரம் விடாமல் அடிக்கும் போட்டோவில் தாள் முழுக்க மை. அதிலும் ஏ4 ஒன்று நாலுக்கு ஆறு நான்குக்குச் சமம்.

என் கதை சின்னது. மகளின் பள்ளி புராஜெக்டுக்கு நெல்லையப்பர் கோயில் இசைத்தூண் படத்தை ஏ4 பளபளப்புத் தாளில் அடித்தேன். கருங்கல் தூண் ஊதா சாயலில் வந்தது. காரணம் அப்புறம்தான் புரிந்தது. எங்கள் மாடலில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் மை, அதாவது நிறப்பொடி கலந்த மை; பளபளப்புத் தாளில் அதைத் தொடவே தொடாது. சியான் என்கிற நீலம், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்துதான் கறுப்பு. கறுப்பு டேங்க் நிறைந்தே நிற்கும், மற்ற மூன்றும் காலி.

சாரல் காலம்:
குற்றாலம் பக்கம் வந்து பாருங்கள், மை விலையெல்லாம் மறந்துவிடும். ஆடி மாதம் பிரித்து வைத்த தாள் கட்டு ஓரம் சுருண்டு, இரண்டிரண்டாக உள்ளே போகும். ஆச்சி படத்தை அடித்த கையோடு கண்ணாடிச் சட்டத்தில் போட்டோம். கொஞ்ச நாளில் ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது ஆச்சியின் சேலைக்கரை கண்ணாடியோடு போயிற்று. முகம் தப்பியது, அதுவரைக்கும் சரி.

அம்பை ஸ்டூடியோ:
வீட்டில் அடித்த கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து "இதேபோல் இன்னொன்று" என்று கேட்டார் ஒருவர். ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்ததாம். மாப்பிள்ளை முகம் வெளுத்து, பட்டுவேட்டிக்கும் சுவருக்கும் வித்தியாசம் இல்லை. அதைப் பார்த்ததிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டை மை, அதாவது கரைந்த சாய மை, வெயிலிலும் காற்றிலும் வெளுக்கும். வெயில் படாத சுவரில் மாட்டுங்கள், படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அட்டை கொடுத்து இடைவெளி விடுங்கள். பிரிண்டரைச் சுவர் ஸ்விட்சில் அணைக்காதீர்கள், அதன் பட்டனை அழுத்தி அணையுங்கள். அப்போதுதான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும், மை காயாது. வாரம் ஒரு கலர் பக்கமாவது அடியுங்கள். கணினியில் தாள் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். சாதாரணத் தாள் என்று விட்டுவிட்டு நிறம் சரியில்லை என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் சுருங்கித்தான் வரும். நாலுக்கு ஆறுக்கு 1200க்கு 1800 பிக்சல் போதும். ஏ4 என்றால் 2480க்கு 3508 இருந்தால் நல்லது. ஆல்பம் முழுக்க வேண்டுமென்றால் போட்டோ லேபுக்குக் கொடுங்கள். லேசர் ஒளி காட்டிக் கெமிக்கலில் கழுவி எடுக்கிற தாள் அது, நாசில் அடைப்பே கிடையாது.

பேட்டைக்காரன்:
அண்ணாச்சி, நான் கேட்டது கணக்கு. பட்டனை அழுத்தித்தான் அணைக்கிறேன். கரண்ட் போகும்போது அது பட்டனை அழுத்திவிட்டா போகிறது?

உவரிக் கடற்கரை:
கணக்குதானே, என்னுடையதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளீனிங்கில் இழுக்கிற மை எல்லாம் பிரிண்டருக்குள் ஒரு பஞ்சில் தேங்குகிறது. ஓரம் விடாமல் அடிக்கும்போது தாளுக்கு வெளியே தெறிப்பதும் பஞ்சுக்குத்தான். திருவிழா ஆல்பம் பாதியில் இருக்கும்போது எல்லா விளக்கும் மின்னி, பேட், அதாவது அந்தப் பஞ்சின் ஆயுள் முடிந்தது என்று நின்றுவிட்டது. டேங்கில் மை பாதிக்கு மேல் இருக்கிறது, ஒரு வரி அடிக்காது. திருநெல்வேலி சர்வீஸ் கடைக்கு ஸ்கூட்டரில் மடியில் வைத்துக் கொண்டுபோனோம். ஜங்ஷன் பாலத்தில் லேசாகச் சாய்ந்ததில் மனைவியின் சுடிதாரில் நீலமும் சிவப்புமாக இறங்கிவிட்டது. கடையில் பஞ்சு மாற்றக் கேட்டது, ஒரு செட் மை பாட்டில் விலைக்குப் பக்கத்தில். சில புது மாடல்களில் அந்தப் பஞ்சு தனிப் பெட்டியாக வருகிறது, நாமே கழற்றி மாற்றலாம். வாங்கும்போது கேட்க வேண்டியது அதைத்தான். பக்க எண்ணிக்கையை அப்புறம் கேட்கலாம்.

ஆனித்தேர்:
உவரி சொல்வது சரி. ஆனால் லேபுக்குப் போ என்பதை ஏற்க மாட்டேன். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், ராத்திரி பதினொரு மணி. எந்த ஸ்டூடியோ திறந்திருக்கிறது? நாலுக்கு ஆறு தாள் ஒன்றில் பாஸ்போர்ட் படம் எட்டு வரும். தெருவில் பாதிப் பேருக்கு எங்கள் வீட்டில்தான் அடித்தோம்.

அம்பை ஸ்டூடியோ:
காசு வாங்கினீர்களா, இல்லையா? அதையும் கணக்கில் எழுதுங்கள்.