கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் சரியா? மதப் பல்கலைக்கழகங்களும் வகுப்பறைக்கு வெளியே நீளும் தண்டனையும்

பம்பலப்பிட்டிக்காரன்:
அக்காவின் மகள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பிரிகம் யங் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க யோசிக்கிறாள். மோர்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் திருச்சபை நடத்தும் பல்கலைக்கழகம். வேறு மதத்தவரையும் சேர்க்கிறார்கள், கட்டணம்தான் இரண்டு மடங்கு. ஆனால் ஒழுக்கக் கோவை ஒன்றில் கையெழுத்திட வேண்டும். மது, சிகரெட்டோடு தேநீரும் கோப்பியும் கூடாது. ஆண்கள் தாடி வளர்க்கக் கூடாது. திருமணத்துக்கு வெளியே உடலுறவு கூடாது. வளாகத்துக்கு வெளியேயும் இதே விதிதான். மீறினால் விசாரணை, இடைநிறுத்தம், வெளியேற்றம் வரை போகலாம். படிக்கப் போகும் பிள்ளையின் தனி வாழ்க்கையில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு இவ்வளவு அதிகாரம் இருக்கலாமா?

தெமட்டகொட வாசகி:
இருக்கலாம் சகோதரர். நான் மதக் கல்லூரி ஒன்றில் படித்தவள். நாங்கள் அங்கே பாடத்துக்காக மட்டும் போகவில்லை, ஒரு வாழ்க்கை முறையைத் தேடிப் போனோம். தொழுகை, உடை, பேச்சு எல்லாமே படிப்பின் பகுதிதான். விதியை வாசித்து, விரும்பிக் கையெழுத்திட்டு உள்ளே போன பிறகு ‘இது என் சொந்த விஷயம்’ என்றால் எப்படி? நீங்கள் சொல்லும் பல்கலைக்கழகத்திலேயே 2011இல் நடந்ததைப் பாருங்கள். அவர்களுடைய கூடைப்பந்து அணி நாட்டில் மூன்றாம் இடத்தில் இருந்தது. பெரிய போட்டித் தொடர் நெருங்கிய நேரத்தில் முக்கிய வீரர் ஒருவர் கோவையை மீறியதாகத் தெரிந்ததும் அணியிலிருந்து நிறுத்தினார்கள். வெற்றிக்காக விதியை வளைக்கவில்லை. அடுத்த பருவத்தில் அவரைத் திரும்பவும் சேர்த்துக்கொண்டார்கள். கொள்கையும் இருந்தது, மன்னிப்பும் இருந்தது.

கொட்டாஞ்சேனை ஆசிரியர்:
சகோதரி, அதே பல்கலைக்கழகத்தில் 2016இல் நடந்ததையும் பேச வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானதாக முறையிட்ட மாணவிகளையே ஒழுக்கக் கோவை அலுவலகம் விசாரித்தது. அந்த நேரத்தில் ஏன் அங்கே இருந்தாய், குடித்திருந்தாயா, ஆணின் அறைக்கு ஏன் போனாய் என்று கேள்வி அவர்கள் பக்கம் திரும்பியது. இப்படி ஒரு நிலை இருந்தால் எந்தப் பிள்ளை வாய் திறப்பாள்? குற்றம் செய்தவனுக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறென்ன? நான் கத்தோலிக்கன், மத நிறுவனங்களை வெறுப்பவன் அல்ல. அதனால்தான் இது எனக்கு வலிக்கிறது.

இது ஓர் இடத்துக் கதையும் இல்லை. வேர்ஜீனியாவில் உள்ள லிபர்ட்டி என்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்கு 2024 மார்ச்சில் அமெரிக்கக் கல்வித் திணைக்களம் 1 கோடியே 40 லட்சம் டொலர் அபராதம் விதித்தது. வளாகக் குற்றங்களை அறிவிக்கும் சட்டத்தின் கீழ் அதுவரை விதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரிய தொகை அது. முறையிட்டவர்களே பல்கலைக்கழகத்தின் ஒழுக்க விதிகளின்படி தண்டிக்கப்பட்டதும் அந்த விசாரணையில் வந்தது.

தெமட்டகொட வாசகி:
அது கொடுமைதான், அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் பிரிகம் யங் திருத்திக்கொண்டதையும் சொல்லுங்கள். அதே வருடம் ஆலோசனைக் குழு கொடுத்த 23 பரிந்துரைகளையும் ஏற்றார்கள். முறையிடும் மாணவியைக் கோவை மீறலுக்காகத் தண்டிப்பதில்லை என்ற விதி அப்படித்தான் வந்தது. கோவையைத் தூக்கி எறியாமலே திருத்த முடிந்தது.

இன்னொன்று. வகுப்பறைக்கு வெளியே கை நீட்டுவது மதத்தின் வேலை மட்டுமா? நமது இலங்கையின் 1998ஆம் ஆண்டு 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் கல்வி நிறுவனத்துக்கு உள்ளேயும் வெளியேயும் செல்லும். அதை யாரும் தனி வாழ்க்கையில் தலையீடு என்று சொல்வதில்லையே.

கொட்டாஞ்சேனை ஆசிரியர்:
பகிடிவதையில் அடி வாங்கிய பிள்ளை ஒன்று இருக்கிறது. தேநீர் குடித்தவனால் யாருக்கு என்ன காயம்? எல்லை அங்கேதான் இருக்கிறது. வெளியே நடந்ததா, உள்ளே நடந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. இன்னொருவருக்குத் தீங்கு நடந்ததா என்றுதான் கேட்பேன்.

திருத்தினார்கள் என்கிறீர்கள். மாணவிகள் வெளிப்படையாகப் பேசி, பத்திரிகைகள் எழுதிய பிறகுதான் திருத்தினார்கள். யூட்டாவின் சோல்ட் லேக் ட்ரிபியூன் பத்திரிகை அந்தச் செய்திகளுக்காக 2017இல் புலிட்சர் பரிசு வாங்கியது. நிறுவனம் தானாக விழித்துக்கொள்ளவில்லை. விரும்பிக் கையெழுத்திட்டவர் என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. 18 வயதில் போட்ட கையெழுத்து 21 வயதில் மனம் மாறினால் என்ன ஆகும்? அங்கே வேறு மதத்தவர் படிக்கலாம், ஆனால் மோர்மனாகச் சேர்ந்தவர் இடையில் திருச்சபையை விட்டு விலகினால் படிப்பைத் தொடர முடியாது. சிந்திக்கக் கற்றுக்கொள்ளப் போகும் இடத்தில் சிந்தனை மாறியதற்கே தண்டனை. இதை ஏற்க எனக்கு முடியவில்லை.

வெள்ளவத்தை அம்மா:
பிள்ளையைத் தூர அனுப்பிவிட்டு இரவில் நித்திரையில்லாமல் கிடக்கும் பெற்றோரையும் கொஞ்சம் நினையுங்கள். விதி இருக்கும் இடம் என்றால் எங்களுக்கு ஒரு நிம்மதி.

விடுதி மாணவி:
அம்மா, உங்கள் கவலை விளங்குகிறது. ஆனால் நான் இருந்த விடுதியில் மாலை ஆனதும் பூட்டியது பெண்களின் கதவை மட்டும்தான். பெடியன்கள் எத்தனை மணிக்கு வந்தாலும் கேட்பார் இல்லை. பிந்தி வந்த ஒருத்தியின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து அவளைப் பற்றிக் கதை கட்டினார்கள். உங்கள் நிம்மதிக்கான விலையை நாங்கள்தான் கொடுக்கிறோம்.

புதுக்கடைச் சட்டத்தரணி:
சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன். ஹோமாகமவில் உள்ள பௌத்த பாளி பல்கலைக்கழகம் 1981இல் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட அரச நிறுவனம். அங்கே ஒரு மாணவர் முறையற்ற விதத்தில் இடைநிறுத்தப்பட்டால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடலாம். தனியார் மத நிறுவனம் என்றால் அந்த வழி பொதுவாக இல்லை. அந்த உறுப்புரை அரசின் நிறைவேற்று, நிருவாகச் செயல்களுக்குத்தான் பொருந்தும். மிஞ்சுவது ஒப்பந்தம். அமெரிக்காவிலும் தனியார் பல்கலைக்கழகம் என்றால் ஏறத்தாழ இதே கதைதான். பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்திலும் மத நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே கையெழுத்திடும் தாளில் இருப்பதுதான் பிள்ளையின் பாதுகாப்பு. முறைப்பாட்டை யார் விசாரிப்பார், எதிர்த்தரப்பு ஆதாரத்தை மாணவருக்குக் காட்டுவார்களா, மேன்முறையீடு யாரிடம் என்று முதலில் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை ஆசிரியர்:
கனடாவின் டிரினிட்டி வெஸ்டர்ன் பல்கலைக்கழகமும் இப்படியான உடன்படிக்கை வைத்திருந்தது. அதனால் அவர்கள் தொடங்கவிருந்த சட்டக் கல்லூரிக்கு அங்கீகாரம் மறுக்கப்பட்டது; 2018 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் அந்த வழக்கில் தோற்றார்கள். ஓகஸ்டில் மாணவர்களுக்கு அந்த உடன்படிக்கை கட்டாயமில்லை என்று மாற்றினார்கள். இன்றும் கிறிஸ்தவப் பல்கலைக்கழகமாகவே நடக்கிறது.

தெமட்டகொட வாசகி:
நீதிமன்றத்தின் நெருக்கடியில் வந்த மாற்றத்தை நான் வெற்றி என்று சொல்ல மாட்டேன் சேர். சிறுபான்மை மதத்தவர் தங்கள் நம்பிக்கைப்படி ஒரு நிறுவனத்தை நடத்த அரசிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றால், அந்த நிலைமை கொழும்பில் இருக்கும் உங்களுக்கும் எனக்கும் நல்லதா? வன்முறை முறைப்பாட்டையும் ஒழுக்க விசாரணையையும் முழுதாகப் பிரித்து வைக்க வேண்டும், அதில் உங்களோடு நிற்கிறேன். விதியே கூடாது என்பதில் இல்லை.

கொட்டாஞ்சேனை ஆசிரியர்:
அப்படியென்றால் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியேற்றினாலும் சித்தியடைந்த பாடங்களின் பெறுபேற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்ப வேண்டும். மூன்று வருட உழைப்பை ஒழுக்கக் குழு எடுத்துக்கொள்ளக் கூடாது.

தெமட்டகொட வாசகி:
அதற்குச் சம்மதம். பட்டம் கொடுப்பது பற்றிக் கேட்டால் இல்லை என்பேன். பட்டத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது.

கொட்டாஞ்சேனை ஆசிரியர்:
பரீட்சை எழுதியது பிள்ளை. இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம்.