Re: கலைச்சொல் வேண்டும்: ‘டியூட்டி ஆஃப் கேர்’ (கட்டடக்கலை)

அன்புள்ள நண்பர்களுக்கு,

‘டியூட்டி ஆஃப் கேர்’, அதாவது நம் வேலையால் பிறருக்குக் கேடு வராமல் பார்த்துக்கொள்ளும் கடமை. கட்டடக்கலையில் அதற்கு ஒரு தமிழ்ச்சொல் கேட்டு நான் எழுதியதற்கு மூன்று நாளாக வந்த மடல்களை எல்லாம் படித்தேன்.

> ‘பராமரிப்புக் கடமை’ என்று வைக்கலாமே. அகராதியில் இருக்கும் சொல்தான்.

அக்கா, பராமரிப்பு என்றால் எங்கள் ஊரில் வெள்ளையடிப்பதும் ஓடு மாற்றுவதும்தான். கட்டி முடித்த பிறகு செய்யும் வேலை அது. நாம் தேடுவது கட்டுவதற்கு முன்னாலேயே தொடங்கும் கடமைக்கான சொல்.

இந்தச் சொல் எனக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் கோத்தகிரிப் பக்கம் ஒரு வீட்டுக்கு நான் வரைபடம் போட்டேன். சரிவை வெட்டி, தடுப்புச்சுவர் எழுப்பி, கூரைத் தண்ணீரையும் முற்றத்துத் தண்ணீரையும் ஒரே குழாயில் சேர்த்து மனையின் ஓரத்தில் விட்டேன். அனுமதி கிடைத்தது, வீட்டுக்காரருக்கும் திருப்தி. ஐப்பசி மழையில் அந்தத் தண்ணீர் கீழே இருந்த தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால் போய் இறங்கியது. ஒரு வீட்டின் சமையலறைச் சுவர் ஊறிப்போய்ச் சரிந்தது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. நான் எந்த விதியையும் மீறவில்லை. ஆனால் அந்தச் சுவர் விழுந்தது வரைபடத்தில் நான் போட்ட கோட்டினால்தான். அந்தக் குடும்பத்துக்கும் எனக்கும் இருந்த உறவுக்கு என்ன பெயர் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

கட்டடக் கலைஞர்களின் தொழில் நடத்தைக்கு 1989-இல் வந்த ஒழுங்குமுறைகளில், சுற்றுச்சூழலின் தரத்துக்கும் சமூகத்தின் வருங்கால நலனுக்கும் முரணாகத் தொழில் செய்யக் கூடாது என்று இருக்கிறது. நல்ல வரிதான். ஆனால் ‘சமூகம்’ என்றதும் யாருடைய முகமும் கண்ணுக்கு வருவதில்லை. முகம் தெரிகிற மாதிரி ஒரு சொல் வேண்டும் என்பதுதான் என் வாதம்.

> நிலையான, நீடித்த, பேண்தகு: இவற்றில் ஒன்றோடு ‘பொறுப்பு’ சேர்த்தால் போதாதா?

மூன்றுமே ‘சஸ்டெய்னபிள்’ என்பதற்கு வழங்கும் சொற்கள். யாழ்ப்பாணத்து நண்பர் சொல்லும் ‘பேண்தகு’ எனக்கும் பிடித்த சொல். தமிழ்நாட்டுப் பாடநூல்களின் ‘நிலையான’ என்பதைவிட அதில் உயிர் இருக்கிறது. ஆனால் இவை எல்லாமே காலத்தைப் பற்றிய சொற்கள். பேண்தகு வளர்ச்சிக்கு 1987-இல் ஐ.நா. ஆணையம் தந்த வரையறையும் வருங்காலத் தலைமுறையைத்தான் பேசியது. மலையில் இன்னொரு கேள்வியும் உண்டு: எனக்குக் கீழே யார் இருக்கிறார்கள்? 2009 நவம்பரில் நீலகிரி மாவட்டத்தின் கேத்தியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40 பேருக்கும் மேல் இறந்தார்கள். பாறைக்கு மேலே கனமாகப் படிந்திருக்கும் மண் தண்ணீர் குடித்துக் கனத்துப்போய் நழுவுகிறது. வெட்டிய சரிவும், தண்ணீர் வடியத் துளை விடாத தடுப்புச்சுவரும் அதற்குத் துணை போகின்றன. கட்டடத்தின் 7 மீட்டர் உயர வரம்பை டேப் பிடித்துப் பார்த்துவிடலாம். தண்ணீர் யார் வீட்டுக்குப் போகிறது என்பதை அப்படி அளக்க முடியாது.

அடுத்து வந்த யோசனை ‘அண்டைப் பொறுப்பு’. நீலகிரியின் படகர் மக்கள் வாழும் ஹட்டிகளுக்கு, அதாவது அவர்களுடைய ஊர்களுக்கு, அது அழகாகப் பொருந்தும். அங்கே வீடுகள் ஒரே வரிசையில் சுவரோடு சுவராக நிற்கின்றன, அண்டை வீடு பக்கத்தில்தான். இன்று சரிவைத் துண்டு துண்டாக்கி விற்கும் மனைகளில் அண்டை வீடு காலடியில் இருக்கிறது.

அதனால்தான் போன மடலில் ‘கீழ்மனைப் பொறுப்பு’ என்று எழுதினேன். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஐயா உடனே திருத்தினார்: பத்திரத்தில் ‘கீழ்ப்புறம்’ என்றால் கிழக்கு. அவர் சொன்னது சரி. மேல் மேற்காகவும் கீழ் கிழக்காகவும் ஆன மொழி நம்முடையது, மலையும் கடலும் இருக்கும் திசையைப் பார்த்து வந்த வழக்கு. ஆனால் நீலகிரியில் ஒரு சரிவு மேற்கே பார்த்தும் இறங்கலாம். அங்கே பத்திரமும் மலையும் வேறு வேறு சொல்லும். அந்தச் சொல்லைக் கைவிடுகிறேன்.

அப்புறம் குன்னூரில் என்னோடு வேலை செய்யும் மேஸ்திரி அண்ணனிடம், “நாம விடுற தண்ணியால பாதிக்கப்படுறவங்களை நீங்க எப்படிச் சொல்வீங்க?” என்று கேட்டேன். “தண்ணி போற வழியில இருக்கிறவங்க” என்றார். யோசிக்கவே இல்லை. அதைச் சுருக்கினால் நீர்வழியார். அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருப்பது நீர்வழிப் பொறுப்பு.

‘நீர்வழிப் போக்குவரத்து’ ஏற்கெனவே இருக்கிறதே என்று கேட்பீர்கள். பொறுப்பு என்று சேரும்போது குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். கழிவுநீர்த் தொட்டியின் கசிவு, வெட்டிய மண்ணைச் சதுப்பில் கொட்டுவது, ஊற்றின் வாயை அடைத்துச் சுவர் வைப்பது, எல்லாமே இதற்குள் அடங்கும். இதைச் சமவெளிக்கும் கொண்டுபோகலாம். ஏரியில் மிஞ்சிய நீர் வெளியேறும் கலங்கலை மறித்து அடுக்குமாடி கட்டினால் அங்கேயும் நீர்வழியார் உண்டு.

அடங்காததும் உண்டு. நீலகிரியின் சீகூர்ப் பக்கம் யானை வழித்தடத்தில் விடுதிகள் கட்டிய வழக்கில், அதை வழித்தடமாக அறிவித்தது செல்லுபடியாகும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்த விடுதிகளுக்கும் யாரோ வரைபடம் போட்டிருப்பார்கள். அவர்களுடைய கடமையை இந்தச் சொல் தொடாது. ‘டியூட்டி ஆஃப் கேர்’ முழுவதற்கும் இதையே வைக்கச் சொல்லவில்லை, பொதுச்சொல்லாக ‘அக்கறைக் கடமை’ இருக்கட்டும். மலைக்கட்டுமானத்துக்கு மட்டும் இது தனிச்சொல்லாக நிற்கட்டும்.

அடுத்த வாரம் கோத்தகிரியில் மேஸ்திரிகளோடும் மாணவர்களோடும் உட்காருகிறோம். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். இல்லையென்றால் வரைபடத்தின் முதல் தாளில், மனை உரிமையாளர் பெயருக்கு நேர் கீழே, ‘நீர்வழியார்: ___ வீடுகள்’ என்று ஒரு கட்டம் போடச் சொல்லப் போகிறேன். நடந்து போய் எண்ணிப் பார்த்துத்தான் அதை நிரப்ப வேண்டியிருக்கும்.

அன்புடன்,
குன்னூரிலிருந்து