மரங்கொத்திப் பொந்து: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பொன்முதுகு மரங்கொத்தி, பட்டுப்போன தென்னை. கொத்தும் சத்தத்தைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள், எனக்கு மறக்காதது வேறு. பொந்து ஆழமானதும் பறவை முழுசாக உள்ளே போய்விட்டது. சத்தம் மட்டும் அமுங்கிக் கேட்டது. திடீரென்று தலை வெளியே வரும், அலகு நிறைய மரச்சிராய். ஒரு உதறு உதறிவிட்டு மறுபடி உள்ளே. முன்னந்தலையில் கருப்பும் வெள்ளைப் புள்ளியும் இருந்ததால் அது பெண். அப்புறம் உச்சி முழுக்கச் சிவந்த ஆண் வந்து வேலையை வாங்கிக்கொண்டது. இவ்வளவும் செய்து முடித்த பொந்துக்குள் மைனா ஜோடி புகுந்துவிட்டது! மரங்கொத்தி வெளியே தொற்றிக்கொண்டு கத்துகிறது, மைனா உள்ளிருந்து சாவகாசமாக எட்டிப் பார்க்கிறது. இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

---

நான் பார்த்த பொந்தில் குஞ்சு பொரித்தது. உள்ளே ஓயாத இரைச்சல், தேன்கூடோ என்று முதலில் சந்தேகம். தாயோ தந்தையோ வந்து மரத்தில் தொற்றியதும் அது இரண்டு மடங்காகும். அலகு காலியாக இருக்கிறதே என்று யோசித்தால், தொண்டையிலிருந்து கக்கி ஊட்டுகிறது. இருட்டும் நேரத்தில் ஆண் உள்ளே போனால் வெளியே வராது. மரங்கொத்திகளில் ராத்திரிக் காவல் பெரும்பாலும் ஆணுக்குத்தான்.

---

முதலில் எழுதியவருக்கு: மைனாவைத் திட்டி என்ன பயன்? அதற்குக் குடையும் அலகு கிடையாது. பச்சைக்கிளி, புள்ளி ஆந்தை எல்லாம் மரங்கொத்தி குடைந்ததில் குடியேறுபவைதான். நான் பார்த்ததும் பழைய பொந்தில் இருந்த புள்ளி ஆந்தையைத்தான், அவ்வளவே. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். பொந்துக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். இரையோடு வந்த பறவை பக்கத்து மரத்திலேயே உட்கார்ந்து தயங்கினால் நீங்கள் ரொம்ப நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். படம் நன்றாக வரட்டும் என்று மறைக்கும் கிளையை வெட்டாதீர்கள், அந்த மறைப்புதான் காக்கையிடமிருந்து காப்பாற்றுகிறது. போனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடவே கூடாது, எதிரி வந்துவிட்டதென்று அடைகாப்பதை விட்டுவிட்டு வரும். பட்ட மரம் வீட்டின் மேல் விழாது என்றால் விட்டுவையுங்கள்.

---

மேலே உள்ளவரே, நான் கிளையை வெட்டினேன் என்று எங்கே சொன்னேன்? மைனாவின் நியாயம் புரிகிறது, எரிச்சல் போகவில்லை. சரி, இரைச்சல் கேட்டவரே, குஞ்சு வெளியேறியதைப் பார்த்தீர்களா? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே.