பிசினஸ் ஜப்பானீஸ் படிக்க டோக்கியோ போகலாமா, இங்கேயே என்2 முடிப்பதா?

கோவைக்காரன்:
மெக்கானிக்கல் பி.இ. முடித்து ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் வேலை பார்க்கிறேன், ஜேஎல்பிடி என்கிற ஜப்பானிய மொழித் தேர்வில் என்3 பாஸ், அடுத்த மேல்நிலை என்2. டோக்கியோவில் ஒரு மொழிப்பள்ளியில் பிசினஸ் ஜப்பானீஸ் சேர்ந்தால் அங்கேயே வேலை நிச்சயம், பார்ட் டைம் வேலையிலேயே ஃபீஸ் கட்டிவிடலாம் என்கிறார் ஏஜென்ட். அப்பா நிலத்தை அடமானம் வைக்கக்கூட தயார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. போனவர்கள் சொல்லுங்கள்.

டோக்கியோ தமிழன்:
தம்பி, பார்ட் டைம் கணக்கை நம்பி நிலத்தில் கை வைக்க வேண்டாம். மாணவர் விசாவில் வேலை செய்யத் தனி அனுமதி வாங்கணும், அதுவும் வாரத்துக்கு 28 மணி நேரம்தான், அந்தக் காசு வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகப் போய்விடும். அப்புறம், மொழிப்பள்ளி சான்றிதழை மட்டும் காட்டி யாரும் வேலை விசா வாங்க முடியாது. பொறியாளர் விசாவுக்கு உங்கள் டிகிரியும் அதற்குப் பொருந்துகிற வேலையும்தான் முக்கியம், டிகிரி இருப்பது உங்களுக்குப் பெரிய பலம். படிப்பு முடிந்த பிறகும் வேலை தேடித் தங்கலாம், ஆனால் பள்ளி அதற்கான நிபந்தனைகளுக்குள் வரணும். இதை ஏஜென்ட்டிடம் கேட்காமல் பள்ளிக்கே மெயில் போட்டுக் கேளுங்கள்.

மல்லிகை:
நான் அப்படி ஒரு கோர்ஸ் படித்துத்தான் வேலையில் சேர்ந்தேன், அதனால் கோர்ஸே வீண் என்று சொல்ல மாட்டேன். ஜேஎல்பிடியில் பேச்சுத் தேர்வே கிடையாது, என்2 வாங்கியவர்கள்கூட ஆபீஸ் போன் அடித்தால் திணறுகிறார்கள். வெளியிலிருந்து கிளையன்ட் கூப்பிட்டு உங்கள் மேனேஜர் தனகாவைக் கேட்டால் 'தனகா-சான் இல்லை' என்று சொல்லக் கூடாது, 'சான்' போடாமல் வெறும் தனகா என்றுதான் சொல்லணும், நம் ஆளை வெளியாள் முன்னால் உயர்த்திப் பேசுவது அங்கே மரியாதைக் குறைவு. மேலதிகாரியை சார் போடாமல் சொல்லிப் பழகாத நமக்கு இது வாயில் வரவே நாளாகும். வகுப்பில் இதைத்தான் திரும்பத் திரும்ப போன் பேசிப் பழக்கினார்கள். இன்டர்வியூ அறைக் கதவை மூன்று முறை தட்டுவதிலிருந்து எல்லாமே பழகணும். ஆனால் என்3-யோடு அந்த வகுப்பில் உட்கார்ந்தால் பாதி புரியாது.

யோமு:
மல்லிகை அக்கா சொன்னதோடு ஒன்று. என்2-வை சென்னையிலேயே எழுதலாம், சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே அதை முடியுங்கள். அங்கே போன பிறகு பிஜேடி எழுதுங்கள், அது ஆபீஸ் ஜப்பானீஸுக்கென்றே உள்ள தேர்வு, மொத்தம் 800 மதிப்பெண், பாஸ் ஃபெயில் கிடையாது. 420 எடுத்தால் ஜே2 என்ற நிலை, 530 என்றால் அதற்கு மேலான ஜே1. உங்களுக்கு டிசைன் அனுபவமும் இருப்பதால் ஏப்ரலில் சேர்கிற புது பட்டதாரிகள் வரிசையில் மட்டும் நிற்காதீர்கள், அனுபவக்காரர்களை வருஷம் முழுக்க எடுக்கிறார்கள்.

கோவைக்காரன்:
ரொம்ப நன்றி. நிலத்தைத் தொட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். வேலையை விடாமல் என்2-வுக்குப் படிக்கிறேன். இங்கிருந்தபடியே ஜப்பான் கம்பெனிகளுக்கு நேரடியாக அப்ளை பண்ண முடியுமா?

டோக்கியோ தமிழன்:
தாராளமாக. வேலை உறுதியானால் கம்பெனியே அங்கே குடிவரவுத் துறையில் தகுதிச் சான்றுக்கு விண்ணப்பிக்கும், அதை வைத்து நீங்கள் விசா எடுத்துக்கொள்ளலாம். ரிரெகிஷோ என்கிற ஜப்பானிய பயோடேட்டாவோடு, செய்த டிசைன் வேலைகளை விவரமாக எழுதிய ஷொகுமுகெய்ரெகிஷோ என்கிற பணி அனுபவக் குறிப்பும் தயார் பண்ணுங்கள், அனுபவக்காரர்களிடம் முதலில் அதைத்தான் படிப்பார்கள். என்2 ரிசல்ட் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.