கல்யாண டிவிடி 40வது நிமிஷத்தில் நிற்கிறது, பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாமா?

கெடிலக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். அக்கா கல்யாணம் 2009ல் திருப்பாதிரிப்புலியூரில் நடந்தது, ஸ்டூடியோக்காரர் 2 டிவிடி போட்டுக் கொடுத்தார். 2015 வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது பீரோவின் அடித்தட்டில் இருந்ததெல்லாம் நனைந்தது, இதுவும் அதில் ஒன்று. உறையில் சேறு காய்ந்து அப்படியே ஒட்டிக் கிடந்ததை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. போன மாதம் அக்கா பையன் அதை எடுத்துத் தரையில் பம்பரம் மாதிரி சுற்றி விளையாடியிருக்கிறான். இப்போது முதல் டிஸ்க் 40 நிமிஷம் ஒழுங்காக ஓடி, அப்பா தாரை வார்க்க உட்காருகிற இடத்தில் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடுகிறது. அப்பா இப்போது இல்லை, எனக்கு வேண்டியது அந்தப் பத்து நிமிஷம்தான். ஸ்டூடியோவும் மூடிவிட்டார்கள். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் சரியாகும் என்கிறார்களே, செய்யலாமா?

சில்வர்பீச் சிங்கம்:
தாராளமா செய்யுங்க. காலேஜ் படிக்கும்போது கேம் சிடிக்கெல்லாம் அதுதான் வைத்தியம். வெள்ளை பேஸ்ட், ஜெல் வேண்டாம். வட்டமா நல்லா தேய்ச்சு கழுவுங்க, அவ்வளவுதான்.

முத்தியால்பேட்டை வீடியோ:
தம்பி, தயவுசெய்து இப்போதைக்கு பேஸ்ட்டைத் தொடாதீர்கள். பாண்டியில் 14 வருஷம் கல்யாண வீடியோ எடிட் செய்தவன் சொல்கிறேன். பேஸ்ட் கீறலை அடைக்காது, சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, கீறலின் விளிம்பை மழுக்கும், அவ்வளவே. உங்கள் டிஸ்க்கில் சேறு வேறு இருக்கிறது, அந்த மணலோடு சேர்த்துத் தேய்த்தால் உப்புத்தாள் போட்ட மாதிரிதான்.

வட்டமாகத் தேய்ப்பது அதைவிட மோசம். டிஸ்க்கில் பதிவு நடுவிலிருந்து வெளியே சுருளாகப் போகிறது. குறுக்கே விழுந்த கீறல் ஒவ்வொரு சுற்றிலும் துளியளவைத்தான் கெடுக்கும், அந்த அளவு பிழையை டிரைவே கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்ளும். சுற்றோடு சேர்ந்து ஓடுகிற கீறல் ஒரே இடத்தில் நீளமாகத் தின்றுவிடும், அதைத் திருத்த முடியாது. அதனால் எதைக்கொண்டு துடைத்தாலும் நடுத்துளையிலிருந்து விளிம்புக்கு நேராகத்தான் இழுக்க வேண்டும்.

முதலில் ஒரு தட்டில் தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட். டிஸ்க்கை இரண்டு மூன்று நிமிஷம் போட்டுவிட்டு, சேறு தானாக இளகியதும் விரல் நுனியால் மெதுவாகத் தள்ளுங்கள். கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் வேண்டாம், நம் பக்கத்து உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு நிற்கும், கேன் தண்ணீரில் அலசுங்கள். மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியால் ஒற்றி எடுங்கள். மொட்டைமாடி வெயிலில் மட்டும் காய வைக்காதீர்கள், ஸ்டூடியோவில் ரைட் பண்ணிய டிஸ்க்கில் இருப்பது சாயம், வெயிலுக்கு வெளுக்கும். எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை என்றால் மொபைல் சர்வீஸ் கடையில் இருக்கிற ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) இரண்டு சொட்டு போதும். தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக் பால் நிறமாகிவிடும்.

கெடிலக்கரை:
நன்றி அண்ணா. இன்னொன்று, மேல் பக்கம் பெயர் எழுதியிருக்கிற இடத்தில் லேசாக உரிந்திருக்கிறது. அது பரவாயில்லையா?

முத்தியால்பேட்டை வீடியோ:
சிடியாக இருந்தால் கவலைப்பட வேண்டியதுதான், அதில் பதிவு மேல்பக்க வார்னிஷுக்கு அடியிலேயே இருக்கும், அது உரிந்தால் தகவலும் உரிந்து போகும். டிவிடி அப்படியில்லை. 0.6 மில்லிமீட்டர் தகடு இரண்டை ஒட்டி நடுவில் பதிவை வைத்திருக்கிறார்கள். மை உரிந்தால் ஒன்றுமில்லை, விளிம்பில் இரண்டு தகடும் பிரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

லாஸ்பேட்டை லினக்ஸ்:
கழுவியதும் பிளேயரில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள், கம்ப்யூட்டரில் காப்பி எடுங்கள். விண்டோஸில் சாதாரணமாக காப்பி பேஸ்ட் செய்தால் முதல் பிழையிலேயே கோபித்துக்கொண்டு நின்றுவிடும். உபுண்டு (லினக்ஸ்) பென்டிரைவில் பூட் செய்து, கெட்ட டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்கிற டிடிரெஸ்க்யூ என்ற புரோகிராமை ஓட்டுங்கள், செக்டர் அளவு (ஒரு தடவையில் படிக்கிற துண்டு) 2048 பைட் என்று கொடுங்கள், எந்த இடம் வந்தது, எது வரவில்லை என்று குறித்துவைக்கிற மேப் ஃபைல் கட்டாயம் வையுங்கள். நன்றாக இருக்கிற இடத்தையெல்லாம் முதலில் வாரிக்கொண்டு, அப்புறம்தான் கெட்ட இடத்துக்குத் திரும்பி வந்து மல்லுக்கட்டும். மேப் ஃபைல் இருந்தால் பாதியில் நிறுத்திவிட்டு வேறு டிரைவில் டிஸ்க்கைப் போட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதுதான் முக்கியம், ஒரு டிரைவ் கைவிட்ட இடத்தை இன்னொன்று சாதாரணமாகப் படித்துவிடும். லேப்டாப்பின் ஒல்லி டிரைவைவிட பழைய டெஸ்க்டாப் டிரைவ் எனக்குப் பல தடவை கை கொடுத்திருக்கிறது. பேஸ்ட் எல்லாம் இதற்குப் பிறகும் படிக்காத டிஸ்க்குக்குத்தான்.

சில்வர்பீச் சிங்கம்:
சரி, வட்டம்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். என் கேம் சிடி ரெண்டு ஏன் செத்துச்சுன்னு இப்பதான் புரியுது.

கெடிலக்கரை:
தாமதத்துக்கு மன்னிக்கவும். கழுவினேன், தட்டில் செம்மண் ஒரு ஸ்பூன் அளவுக்குத் தங்கியது. என் லேப்டாப்பில் ஒரு ராத்திரி முழுக்க ஓடியும் தாரை வார்க்கிற இடத்திலேயே திக்கிக்கொண்டிருந்தது. மஞ்சக்குப்பத்தில் நண்பன் வீட்டில் தூசி படிந்த டெஸ்க்டாப் ஒன்று இருந்தது, அதே மேப் ஃபைலோடு அங்கே போட்டேன், மதியத்துக்குள் கிட்டத்தட்ட எல்லாம் வந்துவிட்டது. அப்பா கையில் செம்பைப் பிடித்திருப்பது, சின்ன மாமா குறுக்கே வந்து மறைப்பது வரை தெளிவாக இருக்கிறது, நாதஸ்வரம் மட்டும் இரண்டு இடத்தில் விக்குகிறது. ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, அக்காவுக்கு அனுப்பியது ஒன்று என்று இரண்டு பிரதி எடுத்து வைத்தாயிற்று.

இரண்டாவது டிஸ்க்கை இன்னும் கழுவவில்லை. அதில் முழுக்கப் பந்திதான், அதை அக்கா பையனே சுற்றிக்கொள்ளட்டும் என்று பார்க்கிறேன்.