புதுப்பிப்பு: சிறிய ஊர் அரசுப் பள்ளி, தேர்ச்சியும் சேர்க்கையும்

தேர்ச்சி சரிந்ததால்தான் சிறிய ஊர் அரசுப் பள்ளிகளில் சேர்க்கை குறைகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்கிறேன், பாதிக் கணக்கைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரு வகுப்பில் 12 பேர் தேர்வு எழுதி 2 பேர் தவறினால் தேர்ச்சி 83 சதவீதம். அதே 2 பேர் 240 பேர் எழுதும் பள்ளியில் தவறினால் ஒரு சதவீதம்கூடக் குறையாது. ஆனால் அந்தச் சிறிய பள்ளியைப் பற்றி உடனே "பள்ளி கெட்டுப்போச்சு" என்று பேச்சு கிளம்பும், வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை மாற்றுவார்கள், தலை எண்ணிக்கை குறைந்ததும் ஆசிரியர் பணியிடமும் போகும், கடைசியில் இரண்டு மூன்று வகுப்பை ஒருவரே சேர்த்து நடத்த வேண்டி வரும், அப்புறம் தேர்ச்சி நிஜமாகவே விழும்.

இதோடு பிறப்பு குறைவதும், குடும்பங்கள் வேலை தேடி வெளியேறுவதும் உண்டு. அதற்கு ஆசிரியர்கள் என்ன செய்வார்கள்?

சரி, எதைப் பார்ப்பது? ஓராண்டு முடிவை விட்டுவிட்டு ஐந்தாண்டுச் சராசரியைப் பாருங்கள். அதைவிட முக்கியம், சேரும்போது எழுத்துக்கூட்டத் திணறிய பிள்ளை இப்போது எவ்வளவு வாசிக்கிறது என்பது. அந்த வளர்ச்சி தேர்ச்சிப் பட்டியலில் வராது.